இறங்கலையா, ஏறலையா? ஆப் பாதியில் நின்றுபோனால் பார்க்க வேண்டியவை

நவம்பர் மாதத்தில் ஒரு மதியம். மப்ளரைக்கூட அவிழ்க்காமல் ஒரு தாத்தா கடைக்குள் வந்து போனை மேசைமேல் வைத்தார். "மூணு நாளா சுத்திக்கிட்டே இருக்கும்மா. எறங்க மாட்டேங்குது."

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 2021-லிருந்து அதைப் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். அதற்கு ஜீவன் பிரமாண் ஆப் ஒன்றும், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்று இன்னொன்றும் வேண்டும். இரண்டுமே 'பெண்டிங்' என்று நின்றிருந்தன. கோவையில் இருக்கும் பேரன், "ரீசெட் போட்டுருங்க தாத்தா" என்று போனிலேயே வைத்தியம் சொல்லியிருக்கிறான். போட்டிருந்தால் போனில் இருந்ததெல்லாம் அழிந்திருக்கும். நல்லவேளை, ரீசெட் எங்கே இருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: தீபாவளிக்குப் பேரன் வீட்டுக்குப் போனபோது, டேட்டா வீணாகக் கூடாது என்று அவனே பிளே ஸ்டோரை வைஃபையில் மட்டும் இறக்கும்படி மாற்றிவைத்திருக்கிறான். தாத்தா பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டார். வைஃபை கோவையிலேயே தங்கிவிட்டது. மாற்றிவைக்க எனக்கு அரை நிமிடம் ஆனது. காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவள். போன் ரிப்பேர் எங்கும் படித்ததில்லை, கைக்கு வந்த போன்களில் பார்த்துக் கற்றதுதான். வாரத்துக்கு நாலு பேராவது இதே புகாரோடு வருவதால், ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வருகிறவர்களில் பாதிப் பேர் "ஆப் எறங்கலை" என்பார்கள், மீதிப் பேர் "ஆப் ஏறலை" என்பார்கள். ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள். இணையத்திலிருந்து ஆப்பின் கோப்பு போனுக்கு வருவது இறங்குவது. வந்த கோப்பைப் பிரித்து, சரிபார்த்து, போனில் உட்கார வைப்பது ஏறுவது. எது நின்றிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் எதையும் அழுத்தும் முன், ஆப் பெயருக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'பெண்டிங்' என்று மட்டும் இருந்தால் இறங்கவே தொடங்கவில்லை. 34 சதவீதம் என்பதுபோல் ஓர் எண்ணில் நின்றால், தொடங்கி வழியில் மாட்டிக்கொண்டது. 'இன்ஸ்டாலிங்' என்றிருந்தால் இறங்கிவிட்டது, ஏறுவதில்தான் சிக்கல். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடி 'இன்ஸ்டால்' பட்டனே வந்து நின்றால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

பெண்டிங் என்று நிற்பது

பெரும்பாலும் காரணம் வரிசை. பிளே ஸ்டோர் பழைய ஆப்களையெல்லாம் தானாக அப்டேட் செய்துகொண்டிருக்கும். நீங்கள் கேட்ட புது ஆப் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும், ரேஷன் கடையில் நிற்பதுபோல. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படம் அல்லது பெயரின் முதல் எழுத்து இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' என்று வரும். அதற்குள் அப்டேட்களைக் காட்டும் வரியைத் தொட்டால் எது எது ஓடுகிறது என்று பட்டியல் தெரியும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உங்களுக்கு வேண்டியதை மட்டும் மறுபடி தொடங்குங்கள். நிறுத்தியவை எங்கும் போகாது, அப்புறம் தானாக அப்டேட் ஆகும். ஒரு பெண்ணின் போனில் 41 ஆப்கள் வரிசையில் இருந்தன. அதில் ஆறு, போன் வாங்கும்போதே உள்ளே இருந்த விளையாட்டுகள். அந்த அக்கா அவற்றை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

வரிசை காலியாக இருந்தும் பெண்டிங் என்றால், தாத்தாவின் கேஸ். அதே வட்டத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் 'நெட்வொர்க் பிரிஃபரன்சஸ்', அதில் 'ஆப் டவுன்லோட் பிரிஃபரன்ஸ்'. அங்கே மூன்று வழி இருக்கும்: எந்த நெட்வொர்க்கிலும் இறக்கு, வைஃபையில் மட்டும் இறக்கு, ஒவ்வொரு முறையும் கேள். வைஃபை இல்லாத வீட்டுக்கு நான் முதலாவதைத்தான் வைத்துக் கொடுப்பேன். ஆனால் அதற்குக் கீழேயே இருக்கும் 'ஆட்டோ அப்டேட்' என்பதை வைஃபைக்கு மட்டும் விட்டுவிடுங்கள், அல்லது நிறுத்தியே விடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரே காலையில் அன்றைய டேட்டா முழுவதும் காலி.

டேட்டா சேவர், பேட்டரி சேவர் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் திரைக்குப் பின்னால் நடக்கும் பதிவிறக்கங்களுக்கு இணையம் போகாது. பேட்டரி சேவரில் எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவு 40 சதவீதத்தோடு ஜன்னல் ஓரத்தில் வைத்த போன் காலையில் 15-ல் நிற்கும். உடனே பேட்டரி சேவர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டு பின்னணி வேலைகளையெல்லாம் அடக்கிவைக்கும். சார்ஜில் போட்டுவிட்டு ஆப்பை இறக்குங்கள். போனைக் கம்பளிக்குள் வைத்துத் தூங்குங்கள் என்று நான் சொல்வதுண்டு. சார்ஜ் போட்டபடி அப்படி வைக்காதீர்கள், சூடாகும்.

சதவீதத்தில் நிற்பது

"சிக்னல் ஃபுல்லா இருக்குக்கா, ஆனா எறங்கல" என்பார்கள். மேலே தெரியும் அந்தக் கோடுகள் டவர் உங்களுக்குக் கேட்கிறதா என்பதைத்தான் சொல்கின்றன. டவரிலிருந்து இணையம் எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வதில்லை.

நான் முதலில் கேட்கும் கேள்வி: இன்றைக்கு டேட்டா மிச்சம் இருக்கிறதா? தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று போடும் திட்டங்களில் அந்த அளவு முடிந்ததும் இணையம் அறுந்துபோகாது. வேகம் மட்டும் குறைந்துவிடும், பல திட்டங்களில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு. வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வரும். அதனால் நெட் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். 64 கிலோபிட் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். 60 எம்பி ஆப் ஒன்று அந்த வேகத்தில் இறங்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தால். நின்றுவிட்டது என்று நீங்கள் நினைப்பது பல நேரம் நிற்கவில்லை, நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ராத்திரி 12 மணிக்கு மேல் புதுக் கணக்கு தொடங்கும். அவசரமில்லை என்றால் விடிகாலையில் எழுந்து போடுங்கள். இலை பறிக்கப் போகிறவர்களும் பால் கறக்கிறவர்களும் எப்படியும் எழுந்துதான் இருப்பார்கள், அந்த நேரத்தில் டவரில் கூட்டமும் இருக்காது.

அளவில்லா 5ஜி என்று போட்டிருக்கும் சில திட்டங்களில் இன்னொரு சூட்சுமம். அந்த 'அளவில்லா' 5ஜி சிக்னலில் இருக்கும்போது மட்டும்தான். வளைவு திரும்பி 4ஜிக்கு இறங்கியதும் தினக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பஸ் ஸ்டாண்டில் 5ஜி காட்டும் போன் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, போனால் 4ஜி என்று காட்டும். வீட்டில் 5ஜி இருந்தும் இல்லாமலும் விளையாடினால், செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதிக்குள் போய் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். போன் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும்போதுதான் பதிவிறக்கம் அதிகம் அறுபடுகிறது. ஓர் இடத்தில் நிலையாக நின்றாலே பாதிச் சிக்கல் தீரும்.

டேட்டா இருக்கிறது, இருந்தும் நகரவில்லை என்றால், ஏரோபிளேன் மோடைப் போட்டு 15 நொடி எண்ணி எடுங்கள். போன் டவரோடு புதிதாகக் கைகோக்கும். அப்புறம் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள். இதைச் சொன்னால், "இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தமா?" என்பதுபோல் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும், நிறைய நேரம் சரியாகிவிடுகிறது.

மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. போனும் டவரும் பேசிக்கொள்ளும் அலைவரிசையை மேகமூட்டம் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் மலையில் சில டவர்கள் ஒன்றோடொன்று டிஷ் மூலம் இணைக்கப்பட்டிருக்கும். அந்த அலைகளைக் கனமழை தடுக்கும். அதைவிட முக்கியம், மழையில் மரம் விழுந்து கரண்ட் போவதும் கேபிள் அறுவதும். அந்த நாட்களில் உங்கள் போனை நோண்டிப் பயனில்லை. மேகம் இறங்கும்போதே மழையும் வருவதால் பழி மேகத்துக்குப் போகிறது. மே மாதம் இன்னொரு வகை. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று சீசன் களைகட்டும்போது, சனி, ஞாயிறு மாலைகளில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே டவரில் வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். திங்கள்கிழமை வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

பஸ்ஸில் வரும்போது ஆப் இறக்க முயலாதீர்கள். மேட்டுப்பாளையம் பாதையில் குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறும்போது சிக்னல் வருவதும் போவதுமாகவே இருக்கும். இறங்கியதில் பாதி டேட்டா மறுபடி மறுபடி தொடங்குவதிலேயே போய்விடும். வீட்டில் எந்த ஜன்னல் டவர் இருக்கும் மலையைப் பார்க்கிறதோ அங்கே போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் இறங்கிவிடாது.

வைஃபை உள்ளவர்கள், ஒரு வெப்சைட் திறக்கிறதா என்று பாருங்கள். 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று இருந்தால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள், பில் கட்டியாயிற்றா என்றும் பாருங்கள். விபிஎன் (இணையத்தை வேறு வழியாகச் சுற்றிவிடும் ஆப்) ஏதாவது போட்டிருந்தால் நிறுத்திவிட்டு முயலுங்கள். காலேஜ் பிள்ளைகள் போனில்தான் இது அதிகம்.

இறங்கிவிட்டது, ஏறவில்லை

பழைய 16 ஜிபி, 32 ஜிபி போன்களின் நோய் இது. 50 எம்பி ஆப்புக்கு 50 எம்பி இடம் போதும் என்று நினைக்கிறோம். கோப்பு இறங்க ஓர் இடம், அதைப் பிரித்து வைக்க இன்னோர் இடம், ஓடும்போது சேர்த்துவைக்க இன்னும் கொஞ்சம் என்று வேண்டும். நான் குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

இடம் எங்கே போகிறது என்றால், எங்கள் ஊரில் பதில் ஒன்றுதான்: வாட்ஸ்அப். காலை வணக்கம் ரோஜாப் பூ, சாமி படம், கல்யாண வீடியோ. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' தொட்டால், 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாக, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகப் பிரித்துக் காட்டும். முதலில் ஃபார்வர்டுகளை அழியுங்கள். அதில் உங்கள் பேரப்பிள்ளை படம் இருக்க வாய்ப்பு குறைவு. அழித்தும் இடம் வரவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. கேலரியிலிருந்து அழித்தவை குப்பைத்தொட்டியில் இருக்கும். கூகுள் போட்டோஸில் அது 30 நாளோ, பேக்கப் ஆன படம் என்றால் 60 நாளோ அப்படியே கிடக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் போனில் இடம் வரும்.

மெமரி கார்டு போட்டிருந்தால், போனை அணைத்து, கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள். பழுதான கார்டு ஏறும் வேலையைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இடம் இருக்கிறது, 'இன்ஸ்டாலிங்' என்றே ஐந்து நிமிடமாக நிற்கிறது என்றால் பொறுங்கள். விலை குறைந்த பழைய போனில் பெரிய ஆப் ஏற நேரம் எடுக்கும். நடுவில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் முதலிலிருந்து தொடங்கும்.

திரும்பத் திரும்ப 'இன்ஸ்டால்' பட்டனே வருவது

தேதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அலமாரியில் கிடந்த பழைய போனை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துபோன போனில் தேதி எந்தக் காலத்துக்கோ போயிருக்கும். இணையத்தில் பாதுகாப்பான தொடர்புக்குக் கொடுக்கும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் போன் 2016-ல் இருந்தால் இன்றைய சான்றிதழை அது நம்பாது. செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானியங்கியாக மாற்றினால் போதும்.

அதுவும் சரி என்றால் பிளே ஸ்டோரையே கவனிக்க வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர், ஸ்டோரேஜ். அங்கே 'கிளியர் கேச்' முதலில், அது தற்காலிகமாகச் சேர்ந்த கோப்புகளை மட்டும் அழிக்கும். ஆப்பை இறக்கிப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா'. இதனால் உங்கள் மற்ற ஆப்களோ படங்களோ போகாது, பிளே ஸ்டோருக்குள் நீங்கள் வைத்திருந்த அமைப்புகள் மட்டும் பழையபடி ஆகும். ஆனால் பட்டியலில் வாட்ஸ்அப்புக்குள் போய் இதே பட்டனை அழுத்திவிடாதீர்கள், பேச்செல்லாம் போய்விடும். எந்த ஆப் என்று பெயரை இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். இன்னமும் சரியாகவில்லை என்றால், அதே பக்கத்தில் மேலே மூன்று புள்ளிகள் இருக்கும், அதில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பிளே ஸ்டோர் பழைய நிலைக்குப் போய், கொஞ்ச நேரத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

கூகுள் கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது கடைசி வழி. இதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். கடை வைத்த புதிதில், ஓர் அக்காவின் போனில் யோசிக்காமல் கணக்கை நீக்கிவிட்டேன். சேர்க்கப் பாஸ்வேர்டு கேட்டது. அக்காவுக்குத் தெரியாது. போன் விற்ற கடையிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நினைவில்லை. இலை எடுக்கும் ஆட்களின் நம்பரெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அந்த அக்கா திட்டவில்லை, ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு வீடாகப் போய் நம்பர் எழுதி வந்தார். இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார், அதனால் இன்னமும் கூச்சமாக இருக்கிறது. இப்போது பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்காமல் அந்தப் பட்டனைத் தொடுவதில்லை.

'உங்கள் போனுக்கு இந்த ஆப் பொருந்தாது' என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பெரும்பாலும் போனின் ஆண்ட்ராய்டு பழசாகியிருக்கும். சிஸ்டம் அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் வேறு போன்தான்.

பிளே ஸ்டோர் நின்றிருக்கும் நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும்: "இதைத் தொட்டா நேரா ஏறிடும்." பி.எம். கிசான் என்பார்கள், டிராஃபிக் அபராதம் என்பார்கள், கல்யாணப் பத்திரிகை என்றுகூட வருகிறது. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் ஏற்றும் கோப்பு அது, இப்படி வருவது பணம் திருடும் மோசடி. தொடாதீர்கள். தெரியாமல் ஏற்றிவிட்டால் முதலில் நெட்டை அணையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

ஐபோன் என்னிடம் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும், பெரும்பாலும் ஹோம்ஸ்டேக்கு வந்தவர்கள். சாம்பல் நிறத்தில் நிற்கும் ஐகானை ஒருமுறை தொட்டால் நிற்கும், இன்னொருமுறை தொட்டால் தொடரும். அழுத்திப் பிடித்தால் இதை முதலில் இறக்கு என்று ஒரு வழி வரும். ஆப் ஸ்டோர் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவில் 200 எம்பிக்கு மேல் என்றால் கேட்கும்படி இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். இலவச ஆப்பே இறங்கவில்லை என்றால் பணம் கட்டும் விவரத்தில் பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

தாத்தா மறுநாளும் வந்தார். "ஒண்ணு வந்துடுச்சும்மா, இன்னொண்ணு காணோம்." ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்புக்கு முகப்பில் ஐகான் கிடையாது. அது பின்னால் இருந்து வேலை செய்வது, தேடினாலும் தெரியாது. பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' என்று காட்டினால் ஏறிவிட்டது என்று அர்த்தம். காட்டியது. கடை வாசலில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, மப்ளரைக் கழற்றச் சொன்னேன். இரண்டாவது தடவை கண் சிமிட்டியதும் சான்று எண் வந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதி, அவருடைய கூகுள் பாஸ்வேர்டை வீட்டு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் இந்தக் கோளாறோடு எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பாஸ்வேர்டு, சார்ஜர், மூக்குக் கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.